சேற்றிலிருந்து கூட்டிப்போக வந்தவள்

என் தங்கை விமலா முதல் பிடியை வாயில் போட்டு நன்றாக மென்றாள். இரண்டாவது பிடியை எடுக்கும்போது, "இன்னாக்கா இது, பொரியா? நெய்யில வறுத்தாப்ல இருக்குது" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது பிடி உள்ளே போன பிறகுதான் சொன்னேன்.

"ஈசல்."

அவள் எழுந்து ஓடிய வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. வாசல் குழாயடியில் நின்று துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடியும் துப்பினாள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"நேத்து பொழுது சாய வந்துச்சி. புடிச்சி, றெக்கைய பொடச்சி எடுத்து, உப்பு போட்டு வறுத்தேன். பொட்டுக்கடல கலந்திருக்கேன். சின்ன வயசுல இதுக்காக என் முடிய புடிச்சி இழுத்து சண்ட போட்டவதான நீ?"

"அது அப்போ. இப்ப எவன்க்கா இதெல்லாம் துன்றான்?"

மூன்று பிடி தின்றவள் கேட்ட கேள்வி இது.

அது ஐப்பசி மாதம். தீபாவளி முடிந்து, வெடித்த பட்டாசுக் காகிதம் தெருவெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. விமலா மணவாள நகரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். என் கல்யாணத்துக்கு வராதவள், கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் என் வாசலை மிதிக்காதவள், ஆப்பிள் பையும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்து இறங்கினால் எனக்குப் புரியாதா? ஆப்பிள் வாங்கி வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கேட்க வந்ததை ஆப்பிளுக்கு அடியில் வைத்திருப்பார்கள்.

நரைத்த தலையில் பூ

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கல்யாணக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பாவாடை தாவணி வயதில் சேர்ந்து, தலை நரைத்த பிறகு வெளியே வந்தேன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். விமலாவைப் படிக்க வைத்ததும், அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் என் சம்பளம். அவள் மணவாள நகரில் வீடு கட்டியபோது, "அக்கா எங்கூடவே இருக்கட்டும்" என்று அழைத்துப்போனாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. காலையில் எல்லோருக்கும் சமைத்து, அவள் மகள் பிரியாவுக்குத் தலை பின்னி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, சாயந்தரம் திரும்பி வந்து பாத்திரம் துலக்கியவளை யாரும் புகழவில்லை. வைத்துக்கொண்டவளுக்குத்தான் பெருமை.

அதே கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையத்தில் ஏறுவார் ஏகாம்பரம். ஃபிட்டர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வருஷக்கணக்கில் என் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர், "ஜன்னல மூடிக்கட்டா?" என்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் பேசியதில்லை. வேலையை விட்டபோது கிடைத்ததைக் கொண்டு, பெரியபாளையத்திலிருந்து உள்ளே தள்ளி முக்கால் காணி, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலமும் ஷீட் போட்ட ஒரு வீடும் வாங்கினார். பிறகு ஒரு நாள் கம்பெனி வாசலில் வந்து நின்றார்.

"நெலம் வாங்கிட்டேன் தனம். ஒண்டியா இன்னா பண்றதுன்னு தெரியல. நீ வரியா?"

"கூலிக்கு ஆள் கூப்புடறியா, கல்யாணம் பண்ணிக்கக் கூப்புடறியா? தெளிவா சொல்லு."

"ரெண்டாவது" என்றார்.

திருப்பாச்சூர் கோயிலில் தாலி கட்டினார். எங்களுக்காக வந்தவர்களைவிடப் பிரசாதத்துக்காக நின்றவர்கள் அதிகம். விமலா போனில், "இந்த வயசுல உனக்கு இது தேவையாக்கா? சம்பந்தி ஊட்ல நான் எப்டி மூஞ்ச காட்டுவேன்?" என்றாள். எப்படிக் காட்டினாளோ தெரியாது. அடுத்த நாள் எனக்குக் களை பறிக்கிற வேலை இருந்தது.

பசுமையாம், நிம்மதியாம்

தூற்றுகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாராட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அது அதைவிட மோசம்.

என் பழைய கம்பெனித் தோழிகள் போனில் குரூப் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நாள் நாற்று நட்ட வயலைப் படமெடுத்துப் போட்டுவிட்டேன். "குடுத்து வெச்சவ நீ", "பசுமை, நிம்மதி, இதான் வாழ்க்கை" என்று இதயமாக வந்து கொட்டியது. அவர்களில் ஒருத்தியை ஒரு நாள் வந்து களை பறிக்கக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவள் வீட்டில் காதுகுத்து, அடுத்துக் கூப்பிட்டவளுக்கு இடுப்பு வலி.

இன்னொரு முறை, வயலோரம் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய இளம் ஜோடி எங்களைச் சேர்ந்து நிற்கச் சொன்னது. அந்தப் பெண், "அங்கிள், ஆன்ட்டி தோள்ல கை போடுங்க" என்றாள். அவர் கையில் மம்முட்டி. என் முழங்கால் வரை சேறு. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்று வாழ்க்கையின் அர்த்தத்தைக் காட்ட நாங்கள் என்ன கண்காட்சியா? "கார எடும்மா, டிராக்டர் வரணும்" என்றேன். டிராக்டர் எதுவும் வரவில்லை.

இவர்களுக்கெல்லாம் எளிய வாழ்க்கை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. புரட்டாசிக் கடைசியில் இங்கே ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். மழை இறங்குவதற்குள் வறட்டியை எல்லாம் எடுத்து உள்ளே அடுக்க வேண்டும். வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட வேண்டும். வீட்டுக் கூரையில் விரிசல் விட்ட ஷீட்டுக்குத் தார் பூச வேண்டும். வடிகாலில் முளைத்த கோரையை அறுத்து, சேற்றை வாரிக் கரையில் போட வேண்டும். வரப்பில் நண்டு போட்ட வளையைத் தேடித்தேடி மிதித்து அடைக்க வேண்டும்.

ஷீட்டின் மேல் ஏறுகிற வேலை ஏகாம்பரத்துடையது. முப்பது வருஷம் மெஷினோடு வாழ்ந்தவர் அல்லவா, கூரைக்குத் தார் பூசுவதற்கும் முதலில் அளவெடுப்பார். "யோவ், வானம் அளவெடுத்துக்கினா வரும்? பூசு" என்று நான் கீழே நின்று கத்துவேன். அவர் பூசி முடித்த இடத்தில் அந்த வருஷம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பக்கத்தில் ஒழுகியது.

சுகமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. வடிகாலை வாரிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்பது சுகம். சூடு பொறுக்காமல் அவர் ஒவ்வொன்றாக ஊதுவார். நான் ஊதாமல் தின்பேன், நாக்கைச் சுட்டுக்கொள்வேன். வளையில் பிடித்த நண்டை மிளகு போட்டு ரசமாக வைத்து, வெளியே மழை கொட்டும்போது ஆளுக்கொரு கிண்ணத்தில் உறிஞ்சுவது சுகம். ஷீட்டில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சண்டைக்கு விடுமுறை. அவர் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் நான் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசுவேன், எனக்கு வந்தால் அவர். இதைப் படமெடுத்துப் போட்டால் ஒருத்தியும் இதயம் அனுப்ப மாட்டாள்.

ஆப்பிளுக்கு அடியில்

விமலா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து, ஏகாம்பரத்திடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க மாமா."

அவளுக்கு அவர் மாமா ஆனது அன்றைக்குத்தான். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு துண்டு எடுத்தார்.

பிறகு விஷயம் வந்தது. பிரியாவுக்கு இது நிறைமாதம். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். விமலாவுக்கு முட்டி வலி, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஆள் வைத்தால் நம்பிக்கையாக இருக்காது.

"ஒரு அஞ்சாறு மாசம் வந்து இருக்கா. புள்ள தல நிக்கிற வரைக்கும். உன் கைப்பட்டு வளந்த பொண்ணு அவ. உன்ன உட்டா அவளுக்கு யாரு?"

"நீ இல்லியா?"

"என் முட்டி…"

"அவ மாமியா?"

"அந்தம்மா வேலைக்குப் போவுது."

"நானும் வேலைக்குத்தான் போறேன். அதோ தெரியுது பாரு, என் வேல."

விமலா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அடுத்து அவள் பேசியதில் நடிப்பு இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நம்ம அம்மா எவன் எவன் நெலத்துலயோ நின்னு நின்னு கால் வெந்து செத்தாங்க. உனக்கு மறந்துபோச்சா? அந்த சேறு வேணான்னுதானக்கா நீ கம்பெனிக்கு போன? என்னயும் அதுலேந்து நீதான் இஸ்துகினு வந்த. இப்ப நீயே போய் அதுல நிக்கிறியே, பாக்க வவுறு எரியுது."

"அம்மா நின்னது அடுத்தவன் சேறு. இது என் சேறு" என்றேன்.

"சேறு சேறுதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். செருமிவிட்டுச் சொன்னார்:

"போய்ட்டு வா தனம். புள்ளத்தாச்சி விஷயம். வயல நான் பாத்துக்கறேன்."

தாராளப் பிரபு

எனக்கு விமலாவின் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. மொத்தமும் இவர் மேல் திரும்பியது.

விமலாவுக்குத் தேவை சம்பளமில்லாத ஆயா. அதில் ஒளிவுமறைவு இல்லை. இவருக்கு என்ன கேடு? நாற்று நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. மேல் வயல்காரர் தண்ணீர் நிறைந்தால் தன் வரப்பை வெட்டி எங்கள் பக்கம் விட்டுவிடுவார். ஒருவர் சாக்கு பிடிக்க, ஒருவர் மண் போட, இரண்டு பேர் இருந்தால்தான் அடைக்க முடியும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தாராளப் பிரபுவைப் போல என்னைத் தூக்கிக் கொடுக்கிறார். ஒரு வார்த்தை, "நீ போனா எனக்குக் கஷ்டம்" என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? முதல் மனைவி போனபோதும் இப்படித்தான் எமனிடம், "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்றிருப்பார்.

உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னாய்யா பேசற நீ?"

"உன் சொந்தம். நான் குறுக்க நிக்கக் கூடாதுல்ல."

"உன்ன யாரு நிக்கச் சொன்னா? இன்னா தோணுதுன்னு சொல்லு."

"எனக்கு இன்னா தோணறது? உன் இஷ்டம்."

அதோடு நிற்கவில்லை. பீரோவைத் திறந்து என் புடவைகளை எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். மெஷின் பாகங்களை அடுக்குகிற மாதிரி ஓரம் ஓரமாகச் சேர்த்து, மேலே சீப்பு, தலைவலித் தைலம். ஐந்தாறு மாதத்துக்குப் போகிறவளின் பையை இவ்வளவு பொறுமையாக அடுக்குகிறவனை என்னவென்று சொல்வது?

"சரி, நல்லா இரு" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். விமலாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உண்மையைச் சொல்கிறேன், அந்த வேகத்தில் நான் போய்விடத்தான் நினைத்தேன். அவர் ஒண்டியாகக் கிடந்து புழுங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நிறுத்தத்தில்

பஸ் நிறுத்தம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். போகும்போதே வானம் கறுத்துவிட்டது. நிழற்குடைக்குள் நாங்கள் நுழைவதற்கும் பெரிய பெரிய சொட்டாக விழுவதற்கும் சரியாக இருந்தது.

விமலா உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மாவ கூட்டினு வரேன்டி. இனிமே உனக்கு பேஜாரு இல்ல. இல்லடி, இங்க அவங்களுக்கு இன்னா வேல? சும்மாதான் கீறாங்க. மாமாவே போச்சொல்லிட்டாரு."

நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்நேரம் மேல் வயல் நிறைந்துகொண்டிருக்கும். மேல் வயல்காரர் மம்முட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

"வெமலா, நான் வரல."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "இன்னாக்கா வெளாடறியா?"

"தண்ணி வருது. நாத்து முழுகினா அழுகிடும். அந்தாளு ஒண்டியா மடைய கட்ட முடியாது."

"ஒரு புள்ளத்தாச்சியவிட நாத்து பெருசா உனக்கு?"

நல்ல கேள்வி. நெஞ்சில் போய்த்தான் விழுந்தது. பிரியாவின் தலையை எத்தனை வருஷம் பின்னியிருப்பேன்? அவளுக்கு ஜுரம் வந்தால் ஷிஃப்டு முடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கத் தூங்காதவள் நான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத முகம் அது.

"புள்ள பொறக்கட்டும். வருவேன்" என்றேன். "விருந்தாளியா வருவேன். கொழந்தைக்கு கவுன் வாங்கினு, தலைல பூ வெச்சிகினு, பஸ் ஏறி வருவேன். நீ என்ன நாற்காலில உக்கார வெச்சி காப்பி போட்டு குடு. உன் ஊட்ல நான் ஒரு நாளும் உக்காந்து காப்பி குடிச்சதில்ல வெமலா. நானே போட்டு, நின்னுகினே குடிச்சவ."

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நான் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன்.

பஸ் வந்தது. ஏறப் போனவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். மழையில் அவள் பொட்டு கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நெஜமாவே நல்லாகீறியாக்கா?"

ஒரு வருஷம் கழித்துக் கேட்டாள். கண்டக்டர் விசில் அடிக்கும் நேரம் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாகீறேன்னா நம்பவா போற? ஏறு, பஸ்ஸு கெளம்புது."

ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பஸ் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே போனாள். நான் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன்.

மடை

வரப்பை வெட்டிவிட்டார்கள். மேல் வயல் தண்ணீர் கலங்கலாக எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் இடுப்பளவுக்குச் சேறு பூசிக்கொண்டு, சாக்கின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி ஒரு கையால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட மண்ணில் பாதி வெளியே விழுந்தது. ஏற்கெனவே வைத்த இரண்டு மூட்டைகள் சரிந்து கிடந்தன. வயலை நான் பாத்துக்கறேன் என்றவர் பார்த்துக்கொண்ட அழகு இது.

பையை மோட்டார் கொட்டகையில் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். சாக்கை அவர் வாயிலிருந்து பிடுங்கி, வாயை விரித்துப் பிடித்தேன்.

என்னைப் பார்த்தார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"பஸ்ஸு வரலியா?" என்று கேட்டார்.

கடவுளே, இந்த மனுஷனை என்ன செய்வது?

"வந்துச்சி" என்றேன்.

"அப்பறம்?"

"ஏற வேண்டியவ ஏறிக்கினு போய்ட்டா. மண்ண போடு."

மண்ணைப் போட்டார். அள்ளி அள்ளிப் போட்ட வேகத்தைப் பார்த்தால் முக்கால் காணி மண்ணையும் அந்த ஒரு சாக்கில் போட்டுவிடுவார் போலிருந்தது. "போதும்யா, தூக்க முடியாது" என்று நான்தான் நிறுத்தினேன். இரண்டு பேருமாக மூட்டையைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுபோய் உடைப்பில் வைத்தோம். அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. கீழ்மடையை அகலமாக வெட்டிவிட்டோம். தண்ணீர் வடிகாலில் இறங்கி ஓடத் தொடங்கியபோது நாற்றின் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. தாழ்ந்த மூலையில் ஒரு பாத்தி மட்டும் முழுகிப்போயிற்று. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பையில் இருந்த புடவைகள் எல்லாம் நனைந்திருந்தன. நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"யாரு அடுக்கினாங்களோ அவங்களே எடுத்து வெக்கட்டும்" என்றேன்.

அவர் முதலில் டீ போட்டுக் கொடுத்தார். கழுநீர் மாதிரி இருந்தது, அதையும் சொன்னேன். பிறகு வீட்டுக்குள் குறுக்கே கயிறு கட்டி, ஒவ்வொரு புடவையாகப் பிழிந்து, உதறி, கரை பார்த்துக் காயப் போட்டார். கடைசிப் புடவையைப் போடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"புள்ள பொறந்தா, நீ எப்போ போவ?"

"நான் போவேன்னு யாரு சொன்னா? ரெண்டு பேரும்தான் போறோம். காத்தால போய், காப்பி குடிச்சிட்டு, சாயந்தரம் வந்துடறோம்."

வெகுநேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லதாக இரண்டு வார்த்தை வரும், இப்போதாவது வரும் என்று நானும் டீயை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"எனக்கு நல்ல சட்ட ஒண்ணுகூட இல்லியே தனம்" என்றார்.